கோச்சடை முக்கில் ஒரு கண்ணீர் அஞ்சலி

உயிரோடு இருக்கிற மனிதருக்கு ஊர் கூடிச் சாவு மாலை வாங்கிவிட்டது. வாங்க வைத்தவள் நான். இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்லித் தொடங்கினாலும் பூசி மெழுகுவதாகத்தான் இருக்கும்.

இதில் யார் பெயரும் வராது. அது அண்ணன் போட்ட நிபந்தனை. "எழுதுறதுன்னா எழுது தங்கச்சி. எம்பேரும் வேண்டாம், எம்மக பேரும் வேண்டாம், அந்தப் புலவர் பேரும் வேண்டாம். தெரிஞ்சவுகளுக்குத் தெரியும்" என்றார். சரி என்று ஒத்துக்கொண்டேன்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. மதுரை விளாங்குடியில் என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவர். டவுனுக்குள் ஒரு மிஷன் பள்ளியில் ஓய்வு பெறும் வரை அவர் சரித்திர வாத்தியார், நான் அங்கேயே ஆபீசில் தலைமை எழுத்தர். இருபத்தாறு வருடம் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். அவருக்கு மேற்கே வயலும் தென்னந்தோப்புமாக நிலம் உள்ள விவசாயக் குடும்பம், குலசாமி, கிடாவெட்டு. எனக்கு சர்ச், ஞாயிறு ஆராதனை, ஜெபக்குழு. இதனால் எங்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. வந்த சண்டையெல்லாம் அந்தப் பாரசீகப் புலவரால் வந்ததுதான்.

பள்ளி நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தில் அண்ணன் அவரைக் கண்டுபிடித்தார். அன்று பஸ்ஸில் ஆரம்பித்த பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆள். தூஸ் என்ற ஊரில் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. தன் நாட்டு ராஜாக்களின் கதை முழுவதையும் தன் மொழியிலேயே பாட்டாக எழுத உட்கார்ந்தார். முப்பது வருடத்துக்கு மேல் எழுதினார். கையிலிருந்த சொத்து கரைந்தது. வாலிப வயதில் மகன் செத்துப்போனான். அந்த அழுகையையும் ராஜாக்கள் கதைக்கு நடுவிலேயே எழுதி வைத்தார். கடைசியில் கொண்டுபோய் சுல்தானிடம் கொடுத்தால், பொன் தருவதாகச் சொன்னவன் வெள்ளி கொடுத்தான். மனிதர் நேரே குளியல்கூடத்துக்குப் போனார், குளித்தார், வெளியே வந்து சர்பத் குடித்தார், அம்புட்டு வெள்ளியையும் குளிப்பாட்டினவனுக்கும் சர்பத்காரனுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார். எனக்கு இந்த இடம்தான் பிடிக்கும். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பிற்பாடு சுல்தானுக்குப் புத்தி வந்து ஒட்டகங்களில் பரிசு ஏற்றி அனுப்பினானாம். ஒட்டகங்கள் ஒரு வாசலில் ஊருக்குள் நுழைந்தபோது மறு வாசலில் புலவரின் பாடை வெளியே போய்க்கொண்டிருந்ததாம். ஊர் இடுகாட்டில் இவருக்கு இடமில்லை என்று ஒரு மதப் பெரியவர் மறித்ததால் சொந்தத் தோட்டத்திலேயே புதைத்தார்கள். ஒட்டகக்காரர்கள் பரிசைப் புலவரின் மகளிடம் கொண்டுபோனார்கள். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். இதெல்லாம் நடந்ததா, பின்னால் வந்தவர்கள் கட்டியதா என்று அண்ணனுக்கே சந்தேகம் உண்டு. ஆனால் அந்த மொழி சாகவில்லை, அவர் எழுதியதை அந்தச் சனங்கள் இன்றைக்கும் வாயால் சொல்கிறார்கள் என்பதில் சந்தேகமே கிடையாது என்பார்.

இந்த வாழ்க்கையைத் தமிழில் பாட்டாக எழுத அண்ணன் உட்கார்ந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. நீள நோட்டுகளில், பென்சிலில். எல்லாப் படலமும் முடிந்துவிட்டது. கடைசிப் படலம், மகள் படலம், மட்டும் வரவில்லை.

"அவ ஏன் வேண்டாம்னு சொன்னா தங்கச்சி?" என்று என்னைக் கேட்பார்.

"ரோசம்ண்ணே. வேற என்ன?"

"ரோசம்னா ஒரு வரிதான் வருது. ஒரு படலத்துக்கு அது பத்தாது."

அவருக்கு ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் ஒரே மகள். தாயில்லாப் பிள்ளை. பத்து வயதிலிருந்து தலை பின்னி விட்டது, டிபன் கட்டிக் கொடுத்தது எல்லாம் இவர்தான். அவள் எங்கள் சர்ச்சைச் சேர்ந்த ஒரு பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றபோது, இவர் வாசலில் நின்று தெருவே கேட்கச் சொன்னார்: "போறதுன்னா போ. என் எழவுக்குக்கூட நீ இந்த வாசல் மிதிக்கக் கூடாது." சரித்திரம் படித்த மனிதர், ஆயிரம் வருடத்துக்கு முந்திய பெண்ணின் மனதைத் தேடிக்கொண்டிருந்த மனிதர், பெற்ற மகளைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. நான் பக்கத்தில்தான் நின்றேன். என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

ஒன்பது வருடம். அவள் கோச்சடையில் இருக்கிறாள். ஆற்றைத் தாண்டினால் கோச்சடை. வெயில் தாழ்ந்த பிறகு நடந்தே போய் வரலாம்.

ஞாயிறுதோறும் அவளை சர்ச்சில் பார்ப்பேன். "அத்தே, அப்பா எப்படி இருக்காக?" என்பாள். நான் சொல்வேன். திங்கட்கிழமை காலையில் அண்ணன் காப்பி டம்ளரோடு என் கேட் அருகே வந்து, "நேத்து சர்ச்சுல கூட்டமா?" என்று கேட்பார். ஒன்பது வருடமாக ஒரு திங்கட்கிழமைகூட அவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்ததில்லை. "கூட்டம்தான்ணே. எல்லாரும் சொகமா இருக்காக" என்பேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும். இரண்டு பேருக்கும் நடுவில் நான் என்ன தபால் பெட்டியா?

அதனால்தான் அந்த வேலையைச் செய்தேன். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் பேசி, பத்தொன்பது வருடப் பாட்டுக்காக அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தி ஒரு பாராட்டு விழா என்று முடிவு செய்தோம். பிளக்ஸ் வைக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். விளாங்குடி பஸ் ஸ்டாப்பில் ஒன்று, கோச்சடை முக்கில் ஒன்று. கோச்சடையில் எதற்கு என்று சங்கச் செயலாளர் கேட்டார். அங்கேயும் வாசிக்கிற ஆள்கள் இருக்கிறார்கள் என்று கடுப்பாகச் சொன்னேன். அந்தப் பிள்ளை வேலைக்குப் போகிற வழி அது. அப்பா சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் மனசு கேட்காமல் விழாவுக்கு வந்துவிடுவாள் என்று நான் போட்ட கணக்கு.

வியாழக்கிழமை சாயங்காலம் பிளக்ஸ் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் முதலில் அண்ணன் படத்தை அனுப்பினேன். எந்தெந்த முக்கு, விடியிறதுக்குள்ள கட்டணும், நல்லா பெருசா இருக்கணும் என்று பேசி அனுப்பினேன். பிறகு படத்துக்குக் கீழே போட அண்ணன் பாட்டிலிருந்து இரண்டு வரி: பொன் வந்தது வடக்கு வாசலில், புலவன் போனான் தெற்கு வாசலில். கடைசியாக விழா விவரம், இடம், நேரம், தலைமை யார் என்று எல்லாம் அடித்து அனுப்பிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். அந்தக் கடைசிச் செய்தி மட்டும் கடைக்காரருக்குப் போகவில்லை. எங்கள் ஜெபக்குழுவுக்குப் போயிருக்கிறது. அதற்கு ஏழு பேர் கைகூப்புகிற படம் வேறு போட்டிருந்தார்கள்.

மதுரையில் காதுகுத்துக்கும் பிளக்ஸ், சடங்குக்கும் பிளக்ஸ், சாவுக்கும் பிளக்ஸ். ஆனால் நல்ல காரியத்துக்கு முதலில் மாதிரி அனுப்புவார்கள். நாம் பார்த்து, மாமா பேர் விட்டுப்போச்சு, சித்தப்பா படம் சின்னதா இருக்கு என்று பத்து தடவை திருத்திய பிறகுதான் அச்சுக்குப் போகும். துக்க வீட்டுக்கு அப்படிச் செய்ய மாட்டார்கள். பிணத்தை வைத்துக்கொண்டு அழுகிறவர்களிடம் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்வது பாவம் என்று நினைப்பவர்கள். படம் வந்தால் போதும், அவர்களே வாசகம் போட்டு, அவர்களே கட்டிவிட்டுப் போவார்கள். ஒரு வயதானவர் படம், யாரோ வாசலில் போய்விட்டார் என்று இரண்டு வரி, விடிவதற்குள் வேண்டும் என்று ஒரு பெண்ணின் அவசரக் குரல். கடைக்காரர் வேறு என்ன நினைப்பார்?

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குப் பால் வாங்கப் போனேன். பஸ் ஸ்டாப்பில் அண்ணன் பத்தடி உயரத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் கறுப்பு. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. அதற்குக் கீழே, நேற்று மாலை இயற்கை எய்தினார் என்று இருந்தது.

நான் சொல்லி வைத்த பலகை என்பதே எனக்கு உறைக்கவில்லை. அண்ணன் போய்விட்டார் என்றுதான் நம்பினேன். கையிலிருந்த பால் பாக்கெட் எங்கே விழுந்தது என்று தெரியாது. மூன்று வீடு தள்ளி இருந்துகொண்டு எனக்கு யாருமே சொல்லவில்லையே என்று வாய்விட்டு அழுதுகொண்டே ஓடினேன். என் வயதில் தெருவில் ஓடுவது நன்றாக இருக்காது என்பதெல்லாம் அப்போது ஞாபகம் வரவில்லை.

அவர் வீட்டு வாசலில் ஏற்கெனவே பத்துப் பேர். இரண்டு பேர் கையில் மாலை. பந்தல்காரர் தானாகவே வந்து பிளாஸ்டிக் சேர்களை இறக்கிக்கொண்டிருந்தார். கதவு சாத்தியிருக்கிறது, உடலை ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் கொண்டுவரவில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அப்போது கதவு திறந்தது. அண்ணன் லுங்கியோடு, வாயில் பல் தேய்க்கிற பிரஷோடு வந்து நின்றார்.

மாலை வைத்திருந்தவர்களில் ஒருவர் அப்படியே சேரில் உட்கார்ந்துவிட்டார். நான் அண்ணன் கையைப் பிடித்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது.

"என்ன தங்கச்சி, யாரு செத்தா?" என்றார் நுரையோடு.

"நீங்கதாண்ணே" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வாயைக் கொப்பளித்துவிட்டு, சட்டை மாட்டிக்கொண்டு, பலகையைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். நான் பின்னாலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனேன். அவர் காதில் வாங்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். அடியில் சின்ன எழுத்தில், வருந்தும் மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள் என்று இருந்தது. அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இதை யாரு எழுதச் சொன்னா?"

"யாரும் சொல்லலண்ணே. எல்லாருக்கும் போடுறதுதான். அவுகளே போட்டுக்கிட்டாக."

விரலை எடுக்கவே இல்லை. பஸ்ஸுக்கு நின்ற சனம் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தது. நான் கடைக்காரரை போனில் பிடித்துக் கத்து கத்தென்று கத்தினேன். பாவம், அந்த மனிதர், "அம்மா, துக்கத்துக்கு நாங்க மாதிரி அனுப்ப மாட்டோம்மா. கேட்டா மனசு நோகும்னு..." என்று அழாத குறையாகச் சொன்னார். பத்து நிமிடத்தில் இரண்டையும் கழற்றி விடுவதாகச் சொன்னார். அதை அண்ணனிடம் சொன்னேன்.

"இதைக் கழட்டச் சொல்லு. கோச்சடையில இருக்குறது இருக்கட்டும்" என்றார்.

எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று ஆகிவிட்டது.

"அண்ணே, அவ வேலைக்குப் போற நேரம். பாத்தா என்ன ஆவா?"

"வருவாளான்னு பாக்கணும்."

"நீங்க மனுசனா? பெத்த புள்ளை நெஞ்சு வெடிச்சுச் செத்தா யாரு பதில் சொல்றது? ஒரு போன் போடுங்க. எங்கிட்ட நம்பர் இருக்கு, இந்தாங்க, பேசுங்க."

அவர் போனை வாங்கவில்லை. "கூப்பிட வாய் வரல தங்கச்சி. ஒம்போது வருசமா வரல" என்றார். அந்தப் பத்தடிப் படத்துக்குக் கீழே நின்று அதைச் சொல்லிவிட்டு வீட்டை நோக்கி நடந்துவிட்டார்.

நான் கூப்பிட்டிருக்கலாம். போன் என் கையில்தான் இருந்தது. அப்பா நல்லாத்தான் இருக்காகத்தா, அந்தப் பலகையை நம்பாதே என்று ஒரு வரி. கடைக்காரர் திரும்ப அழைத்து, கோச்சடைக்கும் ஆள் அனுப்பவா என்று கேட்டபோது, கொஞ்சம் பொறுங்க என்று சொன்னதும் நான்தான். அவள் வரட்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. அரைமணி நேரம் அந்த போனை மடியில் வைத்துக்கொண்டு அவர் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அந்த அரைமணி நேரத்துக்கு நான் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

அவள் வந்தாள். புருஷன் பைக்கை நிறுத்துவதற்குள் குதித்து இறங்கினாள். காலில் செருப்பு இல்லை. கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. "அப்பாவைத் தூக்கிறாதீக, தூக்கிறாதீக" என்று கத்திக்கொண்டே கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். பந்தல்காரர் விட்டுப்போன சேரில் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பிள்ளை அப்படியே நின்றது. அழுகை பாதியில் நின்று, வாய் மட்டும் திறந்திருந்தது. அவரைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அத்தே, நீங்களுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அண்ணன்தான் பேசினார். "எழவுக்குக்கூட வரக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்ல."

"சொன்னீக. உசுரோட இருக்குறவுக பேச்சைத்தான் மீறக் கூடாது. செத்தவுக பேச்சை எதுக்குக் கேக்கணும்னு வந்தேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "நல்லாத்தானே இருக்கீக? ஆத்தைத் தாண்டினா நான் இருக்கேன். ஒம்போது வருசம் எங்க இருந்தீகப்பா?"

அண்ணன் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். கேட்டுக்கு வெளியே அவள் புருஷன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பைக் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

எங்கள் பக்கம் எழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். அவள் அப்படித்தான் போனாள். அதைப் பார்த்ததும் அண்ணனுக்கு எங்கிருந்து தெம்பு வந்ததோ, எழுந்து நின்றுவிட்டார்.

"ஆத்தா, இது எழவு வீடு இல்லத்தா. சொல்லிட்டுப் போ."

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பிறகு கேட்டை விட்டுவிட்டு, பைக்கில் ஏறி, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

விழா வேண்டாம் என்று சங்கத்தில் நானே சொல்லிவிட்டேன். கோச்சடைப் பலகையைக் கழற்றும்போது கிட்ட நின்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அரைமணி நேரம் முன்னாலேயே போய் வாசலில் காத்திருந்தேன். காலில் விழச் சொன்னாலும் விழுவது என்ற முடிவில் இருந்தேன். அவள் வரவில்லை. அவள் குடும்பத்தில் யாரும் வரவில்லை. ஒன்பது வருடத்தில் அவள் வராத முதல் ஞாயிறு. என் மூஞ்சியில் முழிக்கக்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து, பிரசங்கம் முழுக்க அழுதேன். தபால் பெட்டி என்று அலுத்துக்கொண்டவள், அந்தப் பெட்டியையும் நானே உடைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அண்ணன் காப்பி டம்ளரோடு கேட் அருகே வரவில்லை. பயந்துபோய் நானே போனேன். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் படலம் என்று தலைப்பு. கீழே நாலே வரி. பரிசோடு வந்து நின்ற சுல்தானின் ஆட்களைப் பார்த்துப் புலவரின் மகள், நேற்று வரை எங்கே இருந்தீர்கள் என்று கேட்கிறாள். அதற்கு மேல் அவளுக்கு அவர் ஒரு பேச்சும் எழுதவில்லை.

"அண்ணே, நேத்து சர்ச்சுக்கு அவ வரலண்ணே. என்னாலதான்" என்றேன்.

"தெரியும். நேத்து இங்கதான இருந்தா" என்றார், பென்சிலைச் சீவிக்கொண்டே. "நெசமாவே உசுரோடதான் இருக்கீகளான்னு பாக்க வந்தேன்னு சொன்னா. மாப்ளையும் வந்தாரு."

மாப்ளை என்ற வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததைக் கேட்டு நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது. கேட்கத்தான் வாய் வரவில்லை. அவரே நிமிர்ந்து பார்த்தார்.

"போகும்போது சொல்லிட்டுத்தான் தங்கச்சி போனா."